புயலில் படகு விட்டவள் யார்?

கேள்வி: அக்கா, உயர்தரம் படிக்கிற என் மகள் 'பொன்னியின் செல்வன்' படம் இரண்டு பாகமும் பார்த்துவிட்டு, "நந்தினியும் குந்தவையும்தான் கெட்டிக்காரிகள், பூங்குழலி சும்மா அழகுக்கு" என்கிறாள். நான் வாசித்த பூங்குழலி அப்படியில்லையே? எழுபது வருசம் கழித்து எடுத்த படத்தில் அவள் பின்னுக்குப் போகலாமா?
- வாசகி, நிலாவெளி

பதில்: நீங்கள் வாசித்தவள்தான் கல்கியின் பூங்குழலி. 1950இல் தொடங்கிய அந்தத் தொடர்கதையில், புயலில் கப்பல் தீப்பற்றிச் சோழ இளவரசன் அருள்மொழியும் அவன் நண்பன் வந்தியத்தேவனும் தத்தளிக்கும்போது, தனியாகப் படகு விட்டுப்போய் இருவரையும் மீட்கிறவள் அவள். 2022இல் வந்த படத்தின் முதல் பாகத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். அவர்களை நோக்கிக் கடலுக்குள் பாய்கிறவள், அருள்மொழியைத் தாய்போலக் காத்துவரும் ஊமை ராணி. எனக்கு உறுத்துவது இந்த மாற்றம்தான். பிள்ளைக்காகத் தாய் குதித்தால் எந்தக் காலத்திலும் ஊர் மெச்சும். பூங்குழலிக்கு அருள்மொழிமேல் ஆசை இருந்தது உண்மை. ஆனால் ஆசையால் புயலில் படகு நகராது. காற்றும் நீரோட்டமும் தெரிந்த கை வேண்டும். அந்தக் காட்சியில் படம் அவளிடமிருந்து எடுத்தது அந்தத் தொழிலை.

என் சின்னம்மா, சின்னையா போன பிறகு சாம்பல்தீவுக் களப்பில் தனியாக வள்ளம் விட்டவ. கரைக்கு வந்ததும் சட்டையைப் பிழியக்கூட நிற்கமாட்டா. குந்தியிருந்து, நண்டு சிக்கின வலையைக் கண் கண்ணாகப் பிரிப்பா. விரல் முழுக்கக் கீறல். "இது ஆம்பிளையளின்ர வேலை" என்றவர்களுக்கு அவ பதில் சொன்னதேயில்லை. பிள்ளைகளைப் படிப்பித்தது அந்த வள்ளம்தான். அதனால்தான் பூங்குழலியின் துடுப்பை யாரும் பறித்தால் எனக்குப் பொறுக்காது.

கல்கி எல்லாப் பெண்களுக்கும் நியாயம் செய்தார் என்று சொல்லமாட்டேன். வந்தியத்தேவனை விரும்பிய மணிமேகலையைக் காதலுக்காகவே உருக்கிச் சாகவைத்தார். படத்தில் அவள் இல்லாதது எனக்கு நட்டமாகப் படவில்லை. நந்தினி விசயத்தில் படம் ஒருபடி மேலே. அருள்மொழியின் அண்ணன் கரிகாலனோடு அவளுக்கிருந்த இளவயதுக் காதலைக் கண்முன் காட்டியதால், அவளின் கோபம் நம்மையும் சுடுகிறது.

மகளிடம் நாவலின் இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' நூலைக் கொடுங்கள்; கதை தெரிந்தவள்தானே. முதல் அத்தியாயத்தின் பெயரே 'பூங்குழலி'. தன்னைத் துரத்தி வந்து புதைசேற்றில் மாட்டிய வந்தியத்தேவனை அவளே மீட்கிறாள். புயல் அந்தப் பாகத்தின் கடைசியில் வரும். வாசித்துவிட்டு அடுத்த கேள்வியை மகளே எழுதட்டும்.