இருக்கிற ஒரு கார் சாவியும் போவதற்கு முன் இன்னொன்று செய்துவிடுங்கள்

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். உங்கள் இரண்டு கார் சாவியில் ஒன்று தொலைந்து, புதுசுக்கு டீலர் 4,500 ரேண்ட் கேட்கிறார் என்கிறீர்கள். உடனே சரி சொல்லாதீர்கள், வெறும் சாவிக்கு எவ்வளவு, வெட்ட எவ்வளவு, புரோகிராம் செய்ய, அதாவது சாவியைக் காரில் பதிய, எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள், அப்புறம் கார் சாவி செய்கிற இரண்டு மூன்று பேரிடம் அதையே கேட்டுப் பாருங்கள்.

சாவித் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி வேண்டாம், இக்னிஷனைச் சுற்றியுள்ள சுருளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், அதன் அடையாளம் காரின் திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசரில் பதிவாகி இருந்தால்தான் என்ஜின் ஓடும். வேலை செய்கிற சாவி ஒன்று கையில் இருந்தால் இந்தப் பதிவு பெரும்பாலும் எளிது. அதுவும் போய்விட்டால் செலவு நிறைய ஏறும், காரை இழுத்துப் போகவும் நேரலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

ரிமோட் பொத்தான் இல்லாத சிப் சாவி போதுமென்றால் இன்னும் மலிவு.

தொலைந்த சாவியின் பதிவைக் கட்டாயம் அழிக்கச் சொல்லுங்கள், எடுத்தவன் கதவைத் திறந்தாலும் அந்தச் சாவியால் வண்டியைக் கிளப்ப முடியாது. இன்சூரன்ஸ் பாலிசியையும் படியுங்கள், சாவி தொலைந்தால் பணம் தரும் பிரிவு பலவற்றில் உண்டு.