‘அவுஸ்ட்’ என்னும் வினை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆங்கிலச் செய்தித் தலைப்புகளில் அடிக்கடி வரும் ‘அவுஸ்ட்’ (oust) என்ற வினைக்கும் டிஸ்மிஸ், எவிக்ட், எக்ஸ்பெல் ஆகியவற்றுக்கும் என்ன வேறுபாடு? எல்லாவற்றையும் ‘வெளியேற்று’ என்றே மொழிபெயர்க்கலாமா?

பதில்: கூடாது. டிஸ்மிஸ் செய்பவர் மேலதிகாரி. எவிக்ட் என்பது வீட்டையோ கடையையோ நிலத்தையோ காலி செய்ய வைப்பது. எக்ஸ்பெல் என்பது பள்ளி, கட்சி போன்ற அமைப்பிலிருந்து நீக்குவது. அவுஸ்ட் என்பதோ, ஒருவர் விட்டுக்கொடுக்க மனமின்றி வகித்துவந்த இடத்தைப் பெரும்பாலும் அவருடைய போட்டியாளர்களோ சகாக்களோ மக்களோ பறிப்பதைக் குறிக்கிறது. அந்தப் பறிப்பு சட்டப்படி நடந்ததா என்பது இவ்வினைக்குப் பொருட்டல்ல. 1953-இல் ஈரான் பிரதமர் மொசாதேக் கவிழ்ப்புச் சதியில் வீழ்ந்ததற்கும், 2022 ஏப்ரலில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் 342 இடங்கள் கொண்ட அவையில் 174 வாக்குகளுடன் நிறைவேறிய நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் விலக நேர்ந்ததற்கும் இதே வினைதான் வழங்குகிறது. முன்னவருக்குப் பொருந்தும் ‘தூக்கியெறியப்பட்டார்’ என்பதைப் பின்னவருக்கும் எழுதினால், வாக்கெடுப்பு நடந்த செய்தியே மறைந்துவிடும். ‘பதவி பறிபோனது’ என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: தாமே ராஜினாமா செய்தவரைக்கூட ‘அவுஸ்டட்’ என்கிறார்களே, இது முரண் அல்லவா?

பதில்: அல்ல. கடிதத்தில் கையெழுத்திட்டவர் யார் என்பதைவிட, அவரை நெருக்கியவர் யார் என்பதே இவ்வினைக்கு முக்கியம். 1990 நவம்பர் 20 அன்று பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் நடத்திய தலைமைத் தேர்தலின் முதல் சுற்றில் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு 204 வாக்குகளும் அவரை எதிர்த்த மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152 வாக்குகளும் கிடைத்தன. முதலிடம் பெற்றும், வெற்றிக்கு விதிகள் கோரிய வாக்கு வித்தியாசத்தில் 4 குறைந்தது. அமைச்சர்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்டபோது, இரண்டாம் சுற்றில் வெல்ல முடியாது என்றே பெரும்பாலோர் கூற, 22-ஆம் தேதி அவர் விலகலை அறிவித்தார். இதை வெறும் ராஜினாமா என்று எழுதுவதுதான் என் பார்வையில் பிழை.

எனினும் எச்சரிக்கை வேண்டும். 1985 மே மாதம் ஸ்டீவ் ஜாப்ஸிடமிருந்து பறிக்கப்பட்டது மேகின்டாஷ் பிரிவின் பொறுப்பு. ஆப்பிள் நிறுவனத்திலிருந்து அவர் செப்டம்பரில் தாமே விலகினார். ஆகவே பிரிவுப் பொறுப்பிலிருந்து ‘அவுஸ்டட்’ என்பதில் ஐயமில்லை. நிறுவனத்திலிருந்து என்பது விவாதத்துக்குரியது. பதவிக்காலம் முடிந்து இயல்பாக விலகுபவருக்கோ இச்சொல் அறவே பொருந்தாது.

கேள்வி: உச்சரிப்பு ‘ஊஸ்ட்’ என்பதா? ‘அவுட்’ என்பதிலிருந்து பிறந்ததா?

பதில்: ‘ஊஸ்ட்’ அன்று, ‘அவுஸ்ட்’. ஒலி ஒத்திருந்தாலும் பிறப்பு வேறு. எதிர்த்து நிற்றலைக் குறித்த லத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டமொழிக்குள் வந்தது.

கேள்வி: எங்கள் குடும்பச் சொத்து வழக்கில் ‘அவுஸ்டர்’ நிரூபிக்கப்படவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடுகிறது. அவுஸ்டர் என்றால் வெளியேற்றியவரா?

பதில்: இங்கே அது ஆளைக் குறிப்பதன்று, செயலைக் குறிப்பது. பெயர்ச்சொல்லின் இறுதியில் உள்ள ‘அர்’, ‘டீச்சர்’ என்பதில் உள்ளதைப் போன்ற வினைமுதல் விகுதி அன்று. பழைய சட்டப் பிரெஞ்சின் வினை ஈறு. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளியின் அனுபவம், அதாவது சொத்தைக் கைவசம் வைத்திருப்பது, ஏனைய பங்காளிகள் சார்பிலான அனுபவமாகவும் கருதப்படுவதால், ஒருவர் மட்டும் குடியிருப்பதோ விளைச்சலை எடுத்துக்கொள்வதோ போதாது என்றும், பிறர் உரிமையை மறுத்து, அவர்கள் அறிய, வெளிப்படையாகத் தனி உரிமை கொண்டாடியிருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1956-இல் விளக்கியது. அத்தகைய அனுபவம் 12 ஆண்டுகள் தொடர்ந்தால்தான் சொத்தை மீட்க வழக்கிடுவதற்கான காலவரம்பைக் கூறும், 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 65-ஆவது இனம் அந்த அனுபவதாரரின் உதவிக்கு வரும். கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும் என்பதில்லை. உரிமை மறுப்பு தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் ஆவணங்கள் இதற்குப் போதுமா என்பதை வழக்கறிஞரே சொல்ல முடியும்.

கேள்வி: ஒரு சட்டம் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ‘அவுஸ்ட்’ செய்கிறது என்றால்?

பதில்: அவ்வகை வழக்கை அந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி சட்டம் தடுக்கிறது என்று பொருள். தமிழில் ‘அதிகார வரம்பை விலக்குகிறது’ என்று எழுதுங்கள். ‘அதிகாரத்தை வெளியேற்றுகிறது’ என்று எழுத வேண்டாம்.