ராயல் கிரெசென்ட்: கேள்வியும் பதிலும்

இங்கிலாந்தின் பாத் நகரில் பிறை வடிவில் வளைந்து நிற்கும் வீட்டு வரிசை பற்றி வந்த கேள்விகள்.

கேள்வி: சார், படத்தில் ஒரே அரண்மனையாகத் தெரிகிறதே, உள்ளே எத்தனை வீடு? யார் கட்டியது?

பதில்: 30 வீடுகள். வடிவமைத்தவர் இளைய ஜான் உட். 1767-ல் தொடங்கி 1775 வாக்கில் முடிந்தது. அப்பா பெயரும் ஜான் உட்தான். அருகிலுள்ள ‘சர்க்கஸ்’ என்ற வட்டமான வீட்டு வரிசை அப்பாவின் திட்டம். 1754-ல் அந்த வேலை தொடங்கிய சில மாதங்களில் அவர் இறந்துவிட, மகன்தான் முடித்தார்.

அரண்மனையாகத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கமே. தரைத்தளத்தை அலங்காரமில்லாமல் விட்டு, அதற்கு மேல் இரண்டு மாடி உயரத்துக்கு 114 அயோனிக் தூண்களை (உச்சியில் சுருள் வேலைப்பாடுள்ள கிரேக்கப் பாணித் தூண்கள்) நிறுத்தியிருக்கிறார். பார்வை தூண்களோடேயே ஓடிவிடும். எது யார் வாசல் என்று தேடத் தோன்றாது.

கேள்வி: அண்ணா, மேப்பில் மேலிருந்து பார்த்தேன். பின்பக்கம் ஏன் கன்னாபின்னாவென்று இருக்கிறது?

பதில்: சரியான இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. உட் கட்டாயமாக்கியது முகப்பை மட்டும். முகப்பில் இன்ன அளவு என்று வாங்கியவர், அதன் பின்னால் தன் ஆளை வைத்துத் தன் வசதிக்குக் கட்டிக்கொண்டார். அதனால் ஆழம், கூரை, ஜன்னல் எதுவும் ஒன்றுபோல இல்லை. வெந்நீர் ஊற்றுக்கும் விருந்துக்கும் பணக்காரர்கள் சீசனுக்கு வந்து தங்கிய ஊர் அது. வீதியில் தெரியும் கௌரவத்துக்குத்தான் விலை. முன்பக்கத்தை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதிக் கட்டடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

கேள்வி: எதிரே புல்வெளிக்கு வேலியே இல்லையே, ஆடு மாடு ஏறி வராதா?

பதில்: வேலி பள்ளத்துக்குள் இருக்கிறது. ‘ஹா-ஹா’ என்பார்கள். மேட்டுப் பக்கம் செங்குத்தான சுவர், மறுபக்கம் சரிவு. மாடு சரிவில் இறங்கும், சுவரில் ஏற முடியாது. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் புல் தடையில்லாமல் ஓடுவதுபோல் இருக்கும்.

கேள்வி: அந்தத் தேன் நிறம் பெயின்ட்டா?

பதில்: கல்லின் நிறம். பாத் கல், ஒருவகைச் சுண்ணாம்புக் கல். அறுப்பதற்கு எளிது; ஆனால் நிலக்கரிப் புகை படிந்தால் கறுத்துப்போகும்.

கேள்வி: ஒரு கதவுக்கு மஞ்சள் அடித்ததற்குப் பெரிய தகராறாமே?

பதில்: ஆமாம், 22-ம் எண் வீடு, 1970-களில். மற்றவை போல வெள்ளையாக்கச் சொன்னது நகர நிர்வாகம். வீட்டுக்கார அம்மா எதிர்த்து நின்று ஜெயித்தார். பின்பக்கம் அவரவர் இஷ்டம் என்று விட்ட இடத்தில் முன்பக்கம் ஒரு கதவு மீறினால் என்ன? நான் அந்த அம்மா கட்சி.

கேள்வி: உள்ளே போய்ப் பார்க்க முடியுமா ஐயா?

பதில்: 1-ம் எண் வீடு அருங்காட்சியகம். நடுவில் உள்ள 16-ம் எண் ஹோட்டல். 1942 குண்டுவீச்சில் 2-ம் 17-ம் எண் வீடுகள் உள்ளே எரிந்துபோயின. வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். அருங்காட்சியகத்துக்குப் போனால் மேல்மாடி வரவேற்பறையோடு திரும்பிவிடாதீர்கள், கீழே வேலையாட்களின் சமையலறைக்கும் இறங்குங்கள்.