மூழ்கும் கப்பலிலிருந்து தெப்பம் தானே பிரிந்து வருவது எப்படி?

கடல் தொழில்: வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்

கேள்வி: 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த 24 பேரும் மீட்கப்பட்டார்கள் என்று படித்தேன். கப்பலின் மேல்தளத்தில் வெள்ளை உருளைக்குள் வைத்திருக்கும் காற்றுத் தெப்பத்தை அவிழ்த்துவிட ஆளில்லாமலே கப்பல் மூழ்கினால், தெப்பமும் அதோடு போய்விடாதா? டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். கொச்சியில் இந்தத் தெப்பங்களைச் சர்வீஸ் செய்யும் இடம் ஒன்றில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?
(கொல்லங்கோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முறையாகக் கட்டியிருந்தால் போகாது, தவறாகக் கட்டியிருந்தால் நிச்சயமாகப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறிய கயிற்று முடிச்சு என்பதால்தான் உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

அந்த உருளையை, அதைத் தாங்கும் தொட்டில் போன்ற சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டையின் முனையில், உள்ளங்கை அளவில் ஹைட்ரோஸ்டேட்டிக் ரிலீஸ் என்ற கருவி ஒன்று இருக்கும். கப்பல் மூழ்கும்போது நீரின் அழுத்தம் அதன் உள்ளே இருக்கும் கத்தியை விடுவிக்க, 4 மீட்டர் ஆழத்தை எட்டுவதற்குள்ளாகவே அந்தக் கத்தி பட்டையைப் பிடித்திருக்கும் சிறு கயிற்றை அறுத்துவிட வேண்டும் என்பது விதி. பட்டை கழன்றதும் உருளை மிதந்து மேலே கிளம்புகிறது. ஆனால் பெயின்டர் என்று மாலுமிகள் சொல்லும் நீண்ட கயிறு இன்னும் கப்பலோடுதான் கட்டப்பட்டிருக்கும். கப்பல் கீழே போகப் போக அந்தக் கயிறு முழுவதும் உருவி, கடைசி இழுப்பில் வாயு சிலிண்டரைத் திறந்துவிடுகிறது, தெப்பம் விரிகிறது. விரிந்த தெப்பத்தை மூழ்கும் கப்பல் கீழே இழுத்துவிடாமலிருக்க, அந்தக் கயிற்றை நேராகக் கப்பலில் கட்டாமல், வீக் லிங்க் என்ற மெலிந்த இணைப்பு ஒன்றின் வழியாகக் கட்டுவார்கள். ஏறக்குறைய 220 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையில் அது அறுந்துவிடும் என்பதால், காற்று நிறைந்த தெப்பம் தன் மிதப்பு விசையாலேயே அதை அறுத்துக்கொண்டு விடுதலையாகிறது.

நான் கப்பலில் பணியாற்றிய காலத்தில், புதிதாகச் சர்வீஸ் முடிந்து வந்த தெப்பம் ஒன்றைச் சோதித்தபோது, பெயின்டர் கயிறு வீக் லிங்கைத் தொடாமல் நேரே தளத்தின் இரும்பு வளையத்தில் இரட்டை முடிச்சாகக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். கட்டியவர் நன்றாக இறுக்கமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் கட்டியிருப்பார். சான்றிதழில் எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் கப்பல் மூழ்கியிருந்தால், விரிந்த தெப்பத்தை அதில் ஏற வேண்டியவர்களின் கண்ணெதிரே அது கீழே இழுத்துச் சென்றிருக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆகவே வேலைக்குப் போங்கள், ஆனால் அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டு போங்கள். ஆண்டுக்கு ஒரு முறை தெப்பத்தை முழுதாக விரித்து, காற்றடைத்து, கசிவு பார்த்து, உள்ளே இருக்கும் குடிநீர், உணவு, தீச்சுடர்கள், மருந்துகள் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளைச் சரிபார்த்து மாற்ற வேண்டும். கடலோடிகள் மறந்துவிடும் ஒன்றை நீங்கள் மறக்கக்கூடாது: ஒருமுறை மட்டும் பயன்படும் வகையைச் சேர்ந்த அந்த ரிலீஸ் கருவி, பொருத்திய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கே செல்லும். 10 ஆண்டுகளைத் தாண்டிய தெப்பத்துக்குக் கூடுதல் அழுத்தச் சோதனையும் உண்டு. பயிற்சியில் அவசரப்படாமல், ஒவ்வொரு முடிச்சுக்கும் காரணம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆழ்கடல் விசைப்படகுக்கு, உடைத்த கப்பலிலிருந்து எடுத்த பழைய தெப்பம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பார்வைக்குப் புதிது போல இருக்கிறது. வாங்கலாமா?
(வள்ளவிளையிலிருந்து ஒரு படகு உரிமையாளர்)

பதில்: வெளியே தெரிவது கண்ணாடி இழைக் கூடுதான், உயிரைத் தாங்கப்போவது உள்ளே மடித்து வைத்திருக்கும் ரப்பர் துணியும், அதை ஒட்டிய பசையும், சிலிண்டரும். இவை மூன்றும் மூடிய கூட்டுக்குள்ளேயே முதுமையடைகின்றன. தயாரிப்பாளரால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில், உங்கள் கண்முன்னே திறந்து சோதித்துச் சான்று தந்தால் ஒழிய வாங்காதீர்கள். அதற்கான கட்டணத்தையும் மாற்ற வேண்டிய பொருள்களின் விலையையும் கூட்டினால், மலிவு என்று சொன்னது எவ்வளவு தூரம் மலிவு என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் உங்கள் கரை எதை இழந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெப்பம் வாங்க வேண்டும் என்று நீங்கள் நினைத்ததே பெரிது. அந்த நல்ல எண்ணம் விரியாத ஒரு தெப்பத்தில் போய் முடிந்துவிடக் கூடாது. எதை வாங்கினாலும், கேபின் கூரை போன்ற திறந்த இடத்தில், மேலெழும்போது வலையோ கம்பிக் கயிறோ தடுக்காதபடி வையுங்கள். மேலே ஒரு தார்ப்பாய் போர்த்தி இறுக்கிக் கட்டினால்கூட, தெப்பம் தானாகப் பிரிந்து வராது.

கேள்வி: கரையேற்றி பெயின்ட் அடிக்கும்போது, இரும்புப் படகின் அடியில் புரொப்பல்லர் பக்கம் பொருத்திய துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருந்தன. அவையும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அவற்றின்மேலும் பெயின்ட் அடித்துவிட்டோம். சரிதானே?
(தூத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சரியல்ல. கரைவதுதான் அந்தக் கட்டியின் வேலை. வெண்கலப் புரொப்பல்லரும் இரும்பு உடலும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் மின்வேதி வினையால் இரும்பு அரிக்கும். துத்தநாகத்தை இரும்போடு இணைத்தால் இரும்புக்குப் பதிலாக அது அரிபடும். 1824 ஆம் ஆண்டிலேயே ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில வேதியியலாளர், மரக்கப்பல்களுக்குப் போர்த்திய செப்புத் தகட்டைக் காக்க இதே முறையைக் கையாண்டார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் செம்பு கரைந்துகொண்டிருந்தவரை ஒட்டாதிருந்த பாசியும் சிப்பியும் தகட்டின்மேல் அடர்ந்துவிட்டன என்பது அந்தக் கதையின் மறுபக்கம்.

பெயின்ட் மூடிய கட்டிக்கும் கடல்நீருக்கும் தொடர்பு அறுந்துவிடுவதால், இப்போது உங்கள் படகின் இரும்பே அரிபட்டுக்கொண்டிருக்கும். பாதி கரைந்த கட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள். பொருத்தும் இடத்தில் உள்ள பெயின்டையும் துருவையும் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொடும்படி போல்ட்டை இறுக்குங்கள். மற்ற இடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கட்டிகளின்மேல் காகிதம் ஒட்டி மறைத்துக்கொண்டு, படகை நீரில் இறக்குவதற்கு முன் அந்தக் காகிதத்தை மறக்காமல் உரித்தெடுங்கள்.