‘நேரலை’ என்பது எத்தனை விநாடிப் பழசு?

கேள்வி: ஆட்டத்தை நேரலையில் பார்ப்பதற்கென்றே ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்புக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். கடைசி ஓவரில் பவுலர் ஓடிவரவே ஆரம்பித்திருக்க மாட்டார், அதற்குள் பக்கத்து வீட்டில் டிவி பார்ப்பவர்கள் ‘சிக்ஸ்’ என்று கத்திவிடுகிறார்கள். இன்டர்நெட் வேகத்தை இரண்டு முறை கூட்டிப் பார்த்தும் பயனில்லை. போதாததற்கு, ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. இதற்குப் பேசாமல் ஓசியில் கிடைக்கும் கள்ள லிங்க்கிலேயே பார்த்துவிட்டுப் போகலாமே?
– ஒரு கிரிக்கெட் ரசிகர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் திட்ட வேண்டியவரை விட்டுவிட்டு இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு முறை வேகத்தைக் கூட்டியதில் அவருக்கு வருமானம் கூடியதுதான் மிச்சம்.

மைதானத்திலிருந்து உங்கள் போனுக்குப் படம் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே ஒழுக்காக வருவதில்லை. துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறார்கள். 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். என்ற முறையைத்தான் இன்று பெரும்பாலானவர்கள் பின்பற்றுகிறார்கள். அதில் ஒரு துண்டு ஆரம்பத்தில் 10 விநாடி நீளம், பிற்பாடு 6 விநாடி போதும் என்றார்கள். ஒரு துண்டு முழுதாக முடிந்த பிறகுதான் அது உங்களுக்குப் புறப்படும். அதுவும் உங்கள் ஆப் முதல் துண்டு வந்ததும் ஓட்ட ஆரம்பித்துவிடாது. வழக்கமாக மூன்று துண்டு கையிருப்பு வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். மூவாறு பதினெட்டு விநாடி அங்கேயே போயிற்றா? படத்தைச் சுருக்குவது, பல தரங்களில் பிரதி எடுப்பது, ஊர் ஊராக உள்ள சர்வர்களுக்கு அனுப்புவது என்று மற்ற வேலைகளையும் சேர்த்தால் அரை நிமிடம் சாதாரணமாக ஓடிவிடும். இன்னும் எழுதி முடிக்காத கடிதத்தைத் தபால்காரர் எவ்வளவு வேகமாக சைக்கிள் மிதித்தாலும் கொண்டுவந்து கொடுக்க முடியாது. நீங்கள் கூட்டியது சைக்கிளின் வேகத்தை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். டிஷ் வைத்திருக்கும் வீட்டுக்கு வரும் படம் தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள்வரை போய்த் திரும்பி வருகிறது. அந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் கால் விநாடி. டிவியிலும் சில விநாடி தாமதம் உண்டு என்பது வேறு விஷயம். இருந்தாலும் விண்வெளிக்குப் போய்வந்த படம் முந்திக்கொள்கிறது, தரையோடு தரையாக வந்த உங்கள் படம் பிந்துகிறது.

பக்கத்து வீட்டுக்காரரை விடுங்கள். உங்கள் கையில் இருக்கும் போனே காட்டிக்கொடுக்கிறதே! ஸ்கோர் என்பது நாலைந்து எழுத்து. அதை வெட்டவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம், தட்டியதும் வந்துவிடும். போன வாரம் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது மடியில் இருந்த போன் ‘விக்கெட்’ என்று ஒருமுறை அதிர்ந்தது. எதிரே திரையில் அதே பேட்ஸ்மேன் சாவகாசமாகக் கையுறையை இறுக்கிக்கொண்டு, பிட்ச்சில் எதையோ தட்டிவிட்டு, ஃபீல்டிங்கை ஒரு சுற்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவுட் ஆன செய்தி அவரைத் தவிர எல்லோருக்கும் வந்து சேர்ந்திருந்தது. மேற்கொண்டு அந்த ஓவரைப் பார்க்க எனக்கு மனமில்லை.

சரி, அந்தக் கையிருப்பைக் குறைத்துத் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். குறைக்கலாம். துண்டு முடியும்வரை காத்திராமல் அதைச் சில்லு சில்லாக அவ்வப்போதே அனுப்பிவிடும் முறையை ஆப்பிளே 2019இல் அறிவித்துவிட்டது. சில விநாடித் தாமதத்தோடு படம் வந்துவிடும். ஆனால் கையிருப்பு குறைந்தால் வழியில் சின்னத் தடங்கல் வந்தாலும் வட்டம் சுற்றும். ஸ்ட்ரீமிங் கம்பெனிகளுக்கு வட்டத்தைக் கண்டால்தான் பயம். வட்டம் சுற்றுவதைப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பிவிடுவீர்கள், முப்பது விநாடித் தாமதத்தை எப்படிப் படம் பிடிப்பீர்கள்? ஆகவே தாமதத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். தொழில்நுட்பக் கணக்கில் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அந்தத் தாமதத்தைப் பற்றி மூச்சு விடாமல், திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் ‘நேரலை’ என்று போட்டு விற்கிறார்களே, என் சண்டை அதோடுதான். பாக்கெட்டில் அடைத்து விற்கிற பொருளுக்குத் தயாரித்த தேதி போட வேண்டும். இதற்கு மட்டும் வேண்டாமா? ‘மைதானத்துக்கு 28 விநாடி பின்னால்’ என்று அதே மூலையில் போடட்டும். எந்த ஆப் சுறுசுறுப்பு, எது ஆமை என்று பார்த்துச் சந்தா கட்டுவோம். அந்த எண்ணைப் போட வேண்டும் என்று வந்துவிட்டால், அது தானாகக் குறைய ஆரம்பிக்கும் என்பது என் கணிப்பு.

இனி வட்டத்துக்கு வருவோம். கோபுரத்திலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ வரும் டிவி ஒளிபரப்புக்குப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் ஒன்றுதான். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி டெலிவரி. சினிமா என்றால் முன்கூட்டியே பிரதிகளைக் கொண்டுபோய் உங்களுக்குப் பக்கத்து சர்வரில் வைத்துவிடலாம், அவரவர் தோதுப்பட்ட நேரத்தில் பார்ப்பார்கள். ஆட்டத்தில் இப்போது வெட்டிய துண்டு இப்போதே எல்லோருக்கும் வேண்டும். கடைசி ஓவரில்தான் வட்டம் வருகிறது என்றால் சதி எதுவும் இல்லை. ‘ஆட்டம் டைட்டாகப் போகுது’ என்று கேள்விப்பட்டு எல்லோரும் அப்போதுதான் உள்ளே வருகிறார்கள். 2024 நவம்பரில் மைக் டைசனும் ஜேக் பாலும் மோதிய குத்துச்சண்டையை நெட்ஃப்ளிக்ஸ் காட்டியபோது உச்சத்தில் ஒரே நேரத்தில் 6.5 கோடி ஸ்ட்ரீம்கள் ஓடின என்று அந்த நிறுவனமே சொன்னது. படம் மங்கியது, நின்றது என்று புகார் குவிந்தது. படம் காட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி. ஆஸ்திரேலியாவில் 2018 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஆப்டஸ் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் படுத்துவிட, ஆட்டங்களை எஸ்.பி.எஸ். என்ற இலவச டிவி சேனலிலும் காட்ட வேண்டிவந்தது. ஓசி டிவிதான் கைகொடுத்தது.

அப்புறம் உங்கள் கள்ள லிங்க். திருட்டு தப்பு என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை, கணக்கை மட்டும் பார்ப்போம். அந்த லிங்க்கை நடத்துகிறவன் தனியாகக் கேமரா எதுவும் வைத்திருக்கவில்லை. பெரும்பாலும் உங்களைப் போல யாரோ சந்தா கட்டிப் பார்க்கும் அதே படத்தைப் பிடித்து, மறுபடி சுருக்கி, மறுபடி துண்டு போட்டு அனுப்புகிறான். உங்கள் அரை நிமிடத்தோடு அவனுடைய தாமதமும் சேரும். பக்கத்து வீட்டுக்காரர் கத்தி முடித்து, தூங்கப் போன பிறகு நீங்கள் சிக்ஸ் பார்ப்பீர்கள். போதாததற்கு, விளம்பரங்களை மூடுவதற்கென்று போட்டிருக்கும் பெருக்கல் குறிகளில் எது உண்மையில் மூடும் என்று தேடுவதற்குள் இரண்டு ஓவர் போய்விடும். இருந்தும் ஆட்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு தொடர் ஓர் ஆப்பில், அடுத்தது இன்னொன்றில். எல்லாவற்றுக்கும் கட்டிய பிறகும் ‘உங்கள் பகுதியில் இந்த ஆட்டம் கிடைக்காது’ என்று கதவைச் சாத்துவார்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையில் காட்டக் கூடாது என்று 1960களிலிருந்தே ஒரு கட்டுப்பாடு. சின்ன கிளப்புகளின் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாதாம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதே ஆட்டத்தை வெளிநாட்டில் இருப்பவன் நேரலையில் பார்க்கிறான், உள்ளூர்க்காரனால் முடியவில்லை.

இப்போதைக்கு உங்களால் முடிந்த சில காரியங்கள். ஆட்ட நேரத்தில் ஸ்கோர் நோட்டிஃபிகேஷனை நிறுத்திவையுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் சேர்த்து. வட்டம் சுற்றி நின்ற ஒவ்வொரு முறையும் பல ஆப்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்கின்றன. நின்ற நேரமெல்லாம் உங்கள் தாமதத்தில் சேர்ந்துகொண்டே போகும், இதைப் பலர் கவனிப்பதில்லை. மூலையில் உள்ள ‘நேரலை’ பட்டனை ஒரு தட்டு தட்டுங்கள், அல்லது ஆப்பை மூடித் திறங்கள், கொஞ்சம் முன்னால் வந்துவிடுவீர்கள். வட்டம் விடாமல் தொல்லை கொடுத்தால் படத்தின் தரத்தை ஒரு படி இறக்குங்கள். பந்து கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஆனால் தெரியும்.

இன்னொரு வேலையும் உண்டு. டிவி வைத்திருக்கும் நண்பரைப் போனில் பிடித்து, ஒரு பந்து மட்டையில் படும்போது ‘இப்போ’ என்று சொல்லச் சொல்லுங்கள். உங்கள் திரையில் அதே பந்து வரும்வரை ஸ்டாப்வாட்ச்சில் அளந்து பாருங்கள். சந்தாவைப் புதுப்பிக்கும்போது கம்பெனிக்கு அந்த எண்ணை எழுதி, இது ஏன் என்று கேளுங்கள். அவர்கள் தரும் பதிலை நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறோம்.