அக்கா மகளைத் தத்தெடுத்துக் கனடா விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் கும்பகோணத்தில் வசிக்கிறோம். எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என் அக்கா வலங்கைமான் அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவருடைய கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அக்காவுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் உண்டு. மகளுக்கு வரும் ஐப்பசியில் 15 வயது முடிகிறது. என் கணவருக்குக் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்திருக்கிறது. அக்கா மகளைத் தத்தெடுத்து, எங்களோடு அழைத்துச் சென்று படிக்க வைக்கலாம் என்று குடும்பத்தில் பேசி முடித்திருக்கிறோம். 15 வயது முடிவதற்குள் தத்துப் பத்திரம் பதிவு செய்துவிட்டால் போதும் என்கிறார் பத்திர எழுத்தர். அவ்வாறு செய்து அவளை விண்ணப்பத்தில் சேர்க்கலாமா? இப்போது சேர்க்காவிட்டால் பிற்பாடு வழி உண்டா?

பதில்: பத்திர எழுத்தர் வயதை மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறார், உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு மகள் இருப்பதை அவர் கேட்கவில்லை போலும். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, மகனோ, மகன்வழிப் பேரனோ கொள்ளுப்பேரனோ உயிரோடு இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. அதேபோல் மகளோ மகன்வழிப் பேத்தியோ உயிரோடு இருப்பவர் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது. உங்கள் ஆறு வயது மகள் இருக்கும்போது, இந்தச் சட்டத்தின் கீழ் அக்கா மகளை நீங்கள் தத்தெடுப்பது, அவளுக்கு 5 வயதாக இருந்தாலும் 14 வயதாக இருந்தாலும், செல்லாது. செல்லாத தத்து, தத்தெடுத்த குடும்பத்தில் எந்த உரிமையையும் தராது, பிறந்த குடும்பத்தில் எந்த உரிமையையும் பறிக்காது என்று 5-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

பதிவு செய்த பத்திரம் என்பதால் அது செல்லுபடியாகிவிடும் என்ற நம்பிக்கை டெல்டா மாவட்டங்களில் பரவலாக இருக்கிறது. தத்துக் கொடுப்பவரும் எடுப்பவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த ஆவணம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அது மறுத்து நிரூபிக்கப்படும் வரைக்குமான அனுமானம் மட்டுமே. உங்கள் சொந்த மகளின் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே அந்த அனுமானத்தை உடைத்துவிடும்; அந்தச் சான்றிதழைக் கனடா விண்ணப்பத்தில் இணைத்துத் தரப் போவதும் நீங்கள்தான். நான் பார்த்த தத்துப் பத்திரங்கள் பலவற்றில் ‘மேற்படி குழந்தையை இன்று சுவீகாரமாகக் கொடுத்து, தாங்களும் பெற்றுக்கொண்டபடியால்’ என்ற வாசகம் அச்சு மாறாமல் இருக்கும். குழந்தையோ அன்று பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கும். கையில் கொடுத்துக் கையில் வாங்கும் செயல் உண்மையில் நடந்திருக்க வேண்டும் என்பதும் அதே 11-ஆம் பிரிவின் நிபந்தனைதான்.

ஆகவே அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். முத்திரைத்தாள் வாங்கியிருந்தால், வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கோரலாம்.

உங்களுக்குத் திறந்திருக்கும் வழி, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் வரும் உறவினர் தத்து. இது எந்த மதத்தவருக்கும் பொருந்தும். 18 வயது நிறையாதவர் எவரும் இதில் குழந்தைதான். உங்களுக்கு மகள் இருப்பது தடையில்லை. யார் உறவினர் என்பதில் மட்டும் சட்டம் கறாராக இருக்கிறது. தந்தையின் உடன்பிறந்தார், தாயின் உடன்பிறந்தார், இரு வழித் தாத்தா பாட்டி ஆகியோரைத் தவிர வேறு யாரும் உறவினர் ஆக மாட்டார்கள். நீங்கள் அந்தப் பெண்ணுக்குச் சித்தி என்பதால் தகுதி பெறுகிறீர்கள். ஒன்றுவிட்ட அக்காவின் மகளாக இருந்திருந்தால், எவ்வளவு நெருக்கமாகப் பழகியிருந்தாலும், இந்த வழி கிடைத்திருக்காது.

இதற்கு முதலில் பெண் வசிக்கும் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுக வேண்டும். காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்வது, உங்கள் அக்காவின் சம்மதக் கடிதம், அக்கா கணவரின் இறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரம், பெண்ணின் சம்மதம் ஆகியவற்றைச் சேர்ப்பது எல்லாம் அந்த அலகின் வழியாக நடக்கும். முன்பு நீதிமன்றம் பிறப்பித்துவந்த தத்து ஆணையை 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். விசாரணை மூடிய அறையில் நடக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பெண்ணின் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அவளுடைய விருப்பத்தைக் கருத வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பதினான்கு வயதுப் பெண்ணிடம் ஆட்சியர், ‘அம்மாவையும் தம்பியையும் விட்டுவிட்டு, சித்தியை இனி அம்மா என்று ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா’ என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது உங்களுக்குத் தெரியுமா? ‘குடும்பத்தில் பேசி முடித்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சில் அவள் உட்கார்ந்திருந்தாளா என்பதை எழுதவில்லை.

இனிக் கனடாவின் சட்டம். அங்கே 22 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளை சார்ந்திருப்பவராகக் கருதப்படுவார். தத்துப்பிள்ளையும் அதில் அடங்கும். ஆனால் அங்குள்ள குடிவரவு விதிகள் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. அந்தத் தத்து முதன்மையாகக் குடிவரவுச் சலுகை பெறுவதற்காகச் செய்யப்பட்டதா? உண்மையான பெற்றோர்–பிள்ளை உறவு உருவாகியிருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்றாலும், இரண்டாவதற்கு இல்லை என்றாலும், இந்தியாவில் ஆட்சியர் ஆணையே இருந்தாலும் அவள் உங்கள் பிள்ளையாக ஏற்கப்பட மாட்டாள். முந்தைய பெற்றோருடனான சட்ட உறவு முற்றிலும் முறிந்திருக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி.

உங்கள் கடிதத்தை அந்த அதிகாரியின் இடத்திலிருந்து படித்துப் பார்த்தேன். அழைப்பு வந்த பிறகு தத்து பற்றிய பேச்சு தொடங்கியிருக்கிறது. பெண் இன்றும் தாயோடு இருக்கிறாள். தாய் உயிரோடு இருந்து வளர்த்துவருகிறார். தம்பி அங்கேயே இருக்கப் போகிறான். தத்தின் நோக்கம் படிக்க வைப்பது என்று நீங்களே எழுதுகிறீர்கள். மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக எடுத்த படங்கள் இதை மாற்றாது. அவர்கள் தேடுவது அன்றாட வாழ்க்கையின் தடயங்களை: பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையெழுத்து யாருடையது, கட்டண ரசீது யார் பெயரில், காய்ச்சல் வந்தபோது மருத்துவமனைச் சீட்டில் உடன் வந்தவர் யார், எந்த முகவரியிலிருந்து அவள் பள்ளிக்குப் போகிறாள். இவற்றில் எதுவும் உங்கள் பக்கம் இல்லாதபோது, நிராகரிப்பு ஏறக்குறைய உறுதி என்றே நினைக்கிறேன். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நெடுநாளாக உங்களோடு வசிப்பதாக யாரேனும் போலியாக ஒரு வாடகை ஒப்பந்தமோ சான்றோ தயாரித்துக் கொடுத்து, அது பிடிபட்டால், தவறான தகவல் தந்ததற்காக ஐந்தாண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை விதிக்க முடியும். அது உங்கள் கணவரின் விண்ணப்பத்தையும் சேர்த்தே மூழ்கடிக்கும்.

தத்து முடிந்தால் இங்கே என்ன ஆகும் என்பதையும் அக்காவிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஆணை நாளிலிருந்து அவள் எல்லா வகையிலும் உங்கள் மகள். அக்கா சட்டப்படி தாய் அல்ல. பிற்காலத்தில் அவள் கனடாவில் நிலைபெற்று ‘என் தாய்’ என்று அக்காவுக்குப் பெற்றோர் பிரிவில் மனுச் செய்ய முடியாது. நிலத்தில் மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு: தந்தை இறந்தபோதே அவளுக்கு உரித்தாகிவிட்ட பங்கு, தத்துக்குப் பிறகும் அவளுடையதுதான். வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அவள்தான் வெளிநாடு போகிறாளே’ என்று பங்காளிகள் விடுதலைப் பத்திரம் கேட்கக்கூடும். நீதிமன்ற அனுமதியில்லாமல் மைனரின் நிலத்தை அவள் சார்பில் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. காவிரித் தண்ணீர் பாயும் நஞ்சையில் அரை ஏக்கர் என்றாலும், அது அவள் தந்தை விட்டுச்சென்றது.

அழைப்பு வந்த நாளிலிருந்து விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க 60 நாள் மட்டுமே. அதற்குள் முறையான ஆணையை வாங்கி, புதிய பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் முடிப்பது நடக்கிற காரியமில்லை. எனவே உங்கள் மூவரின் விண்ணப்பத்தை உள்ளபடியே சமர்ப்பிப்பதுதான் சரி. இன்று அவள் சட்டப்படி உங்கள் பிள்ளை இல்லை. ஆகையால் அவளைச் சேர்க்காதது மறைப்பு ஆகாது. ஆனால் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதோ, விசா கிடைத்து விமானம் ஏறுவதற்கு முன்போ தத்து முடிந்துவிட்டால், அதை உடனே தெரிவித்தே ஆக வேண்டும். அவள் உடன் வந்தாலும் வராவிட்டாலும் குடும்ப எண்ணிக்கை நான்காகும். காட்ட வேண்டிய இருப்புத் தொகையும் கூடும். தெரிவிக்காமல் போய் இறங்கிவிட்டால், அப்போது அறிவிக்கப்படாத பிள்ளை என்ற காரணத்தாலேயே பிறகு அவளைக் குடும்பப் பிரிவில் அழைக்கும் வாய்ப்பு அடைபட்டுவிடும். இந்த ஒரு தவறால் சொந்தப் பிள்ளையையே அழைத்துக்கொள்ள முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அங்கே குடியேறிய பிறகு தத்தெடுக்க நினைத்தால், வெளிநாட்டில் வாழும் உறவினர் எடுக்கும் தத்தாக அது மாறும். அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி ஆட்சியர் ஆணையும் காராவின் தடையின்மைச் சான்றும் வேண்டும். இந்தியாவும் கனடாவும், நாடுகளுக்கிடையே நடக்கும் தத்துக்கான ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால், நீங்கள் வசிக்கும் மாகாணம் உங்கள் குடும்பச் சூழலைப் பார்த்துத் தரும் இல்ல ஆய்வு அறிக்கையும் தேவைப்படும். அவளுக்கு 18 வயது நிறைவதற்குள் இவை முடிய வேண்டும். மூன்றாண்டு இடைவெளி இருப்பது போலத் தோன்றினாலும், இரு நாட்டு அலுவலகங்களுக்கு இடையே காகிதம் நகரும் வேகத்தைக் கருதினால் அது அதிகமில்லை.

வேறு யோசனைகளும் உங்களிடம் வரும். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் கீழ் காப்பாளர் ஆணை வாங்கினால் போதும் என்பார்கள். கனடாவில் காப்பிலுள்ள பிள்ளை சார்ந்திருப்பவர் ஆகாது. உடன்பிறந்தார் மகளைத் தனியாக அழைக்கும் ஓர் ஏற்பாடு அங்கே உண்டு. ஆனால் தாய் தந்தை இருவரும் இறந்திருக்க வேண்டும், உங்கள் அக்கா இருக்கிறார். 16 வயது வரை தத்தெடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அது அமெரிக்கச் சட்டத்தின் கணக்கு; அங்கேயும் இரண்டாண்டு சட்டக் காப்பும் இரண்டாண்டு உடன் வசிப்பும் கேட்பார்கள்.

நோக்கம் படிப்புதான் என்றால், அதற்குத் தாயை மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் அங்கே நிலைபெற்ற பின் அவளுக்குக் கல்வி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 17 வயதுக்கு உட்பட்ட பெண் தனியாக வந்தால் கனடாவில் ஒரு பொறுப்பாளர் வேண்டும். நீங்களே அந்தப் பொறுப்பை ஏற்று, அக்காவும் நீங்களும் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழியைத் தரலாம். வெளிநாட்டு மாணவர் கட்டணம் அதிகம் என்பதால், பிளஸ் டூ வரை இங்கேயே படித்து, பிறகு கல்லூரிக்கு வருவதே பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகிறது. அதுவரை அவள் பள்ளிக் கட்டணத்தையும் செலவையும் நீங்கள் அக்காவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி வாருங்கள். கல்வி அனுமதி கோரும்போது, அவள் செலவை உண்மையில் ஏற்பவர் நீங்கள் என்பதற்கு அந்தக் கணக்கு விவரமே சான்றாகும்.