பழைய கணினிக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு? கேள்வி பதில்

கேள்வி (திருநெல்வேலி): ஐயா, ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட பிராண்டட் கணினியை வாங்கியிருக்கிறேன். ஐ5-4570 பிராசஸர், 8 ஜிபி ராம், 240 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி). எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல் எந்தக் கார்டைப் போடலாம்?

பதில்: எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்களே, அதுவே சரியான தொடக்கம். பலரும் கார்டை வாங்கி வந்த பிறகுதான் கேபினட்டைத் திறக்கிறார்கள். இவ்வகை அலுவலகக் கணினிகளில் கார்டுக்கென்று தனி மின் இணைப்பு பெரும்பாலும் இராது. ஆகவே மதர்போர்டின் ஸ்லாட் வழியாகக் கிடைக்கும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டைத்தான் நீங்கள் தேட வேண்டும். புதிதாக வாங்குவதானால், 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையைப் பரிந்துரைப்பேன். அதற்கு 70 வாட் போதும். ஆனால் அதே பெயரில் 2022-இல் வந்த 8 ஜிபி வகைக்கு 130 வாட்டும் தனி இணைப்பும் தேவை என்பதால், கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். கையில் பணம் குறைவென்றால் பழைய ஜிடிஎக்ஸ் 1650 போதும். அதிலும் 6 பின் இணைப்பு வைத்த வகைகள் உண்டு, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கேபினட் ஒல்லியானதாக இருந்தால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு மட்டுமே உள்ளே நுழையும். கார்டைப் பொருத்துவதற்கு முன் பயாஸை (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிடுங்கள். 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருந்தால் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைச் சேனலாக்குங்கள். செலவு சிறிது, பலன் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி (கோயம்புத்தூர்): ரைசன் 5 2600, பி450 போர்டு, தரமான 450 வாட் எஸ்எம்பிஎஸ், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வைத்திருக்கிறேன். 1080பி மானிட்டர். கடைக்காரர் புதிய ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். புதிய கார்டு என்பதும் விலை குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் போர்டுக்கு அது பொருந்தாத கார்டு. அதில் 4 ஜிபி நினைவகமே உள்ளது. விளையாட்டு அதற்கு மேல் கேட்கும்போது, மீதியை ராமிலிருந்து ஸ்லாட் வழியாக இழுத்து வர வேண்டியிருக்கும். அந்தப் பாதையோ நான்கு தடங்கள் மட்டுமே கொண்டது. பிசிஐஇ (ஸ்லாட் இணைப்பின் தரம்) 4.0 போர்டில் அது ஓரளவு சமாளிக்கும், உங்களுடையது 3.0 என்பதால் வேகம் பாதியாகி, நொடிக்கு ஏறத்தாழ 4 ஜிபி அளவில் நின்றுவிடும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் (திரைக் காட்சி) என்ற சராசரி எண்ணிக்கையில் இந்தக் குறை முழுதாகத் தெரியாவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் காட்சி திடீர் திடீரென்று திக்கித் திணறுவதில் நன்றாகவே தெரியும். விளையாட்டைப் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: வீடியோவை என்கோட் செய்யும் (சுருக்கிப் பதியும்) பகுதியே அந்தச் சிப்பில் இல்லை.

உங்கள் கணினிக்கு ஏற்றது 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600. அதில் 8 ஜிபி நினைவகமும் எட்டுத் தடங்களும் உள்ளன. 132 வாட்தான் எடுக்கும் என்பதால், 8 பின் இணைப்பு ஒன்று இருந்தால் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும். பின்னாளில் பிராசஸர் தடையாகத் தோன்றினால், பயாஸைப் புதுப்பித்து அதே போர்டில் ரைசன் 5 5600-ஐப் பொருத்திக்கொள்ளலாம். பி450 வாங்கியவர்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு அது.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஆர்எக்ஸ் 580 8 ஜிபி பாவித்தது மலிவாகக் கிடைக்கிறது. மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கீட்டில்) ஓடியதாக இருக்குமோ என்று பயமாக உள்ளது.

பதில்: இருக்கலாம். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும், மைனிங்கில் இருந்த கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்ற ஒன்றே கார்டைக் கெடுத்துவிடாது; விசிறியும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். எனக்குக் கூடுதலாக உறுத்துவது பெயர்தான். 580 என்ற பெயரில் 2048 ஷேடர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) கொண்ட வகையும் விற்கிறது. அது உண்மையில் 570-க்கு இணையானது. உண்மையான 580-இல் 2304 இருக்கும். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து அந்த எண்ணைப் பாருங்கள். பிறகு விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டு, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா என்று கவனியுங்கள். அதற்கு அவர் இணங்காவிட்டால் விட்டுவிடுங்கள். இக்கார்டு 185 வாட் எடுக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சேலம்): ஐ5-9400எஃப், எச்310 போர்டு. இன்டெல் ஆர்க் பி580 வாங்கலாமா? 12 ஜிபி ஈர்க்கிறது.

பதில்: இந்தக் கணினிக்கு வேண்டாம். ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுகும் முறை) என்ற வசதி அவசியம். இந்தப் பழைய போர்டில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. அது இல்லையென்றால் வேகம் வெகுவாகக் குறையும். அதுவும் போக, பி580 பழைய பிராசஸரின் மீது அதிகச் சுமை ஏற்றும்.

கேள்வி (தஞ்சாவூர்): ஜிடிஎக்ஸ் 1060 வைத்திருக்கிறேன். டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வருவது நின்றுவிட்டதாமே, உடனே மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் கார்டு சேர்ந்த பாஸ்கல் வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. நீங்கள் ஆடும் விளையாட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும் வரை அவசரமில்லை. மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்: விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறாவிட்டால், தடையாக இருப்பது பிராசஸர்தான். புதிய கார்டு உங்களுக்கு அதிகம் உதவாது.

கேள்வி (காரைக்குடி): என் மானிட்டரில் விஜிஏ மட்டுமே உள்ளது. புதிய கார்டில் இணைக்க முடியுமா?

பதில்: முடியும். விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் சிக்னலைப் புதிய கார்டுகள் தருவதில்லை என்பதால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டரை வாங்குங்கள். பழைய டிவிஐ-விஜிஏ முனை பயன்படாது.